டேங்க்கில் துரு, பழி கரும்பின் மேல்

போன மாதம் ஆழ்வார்பேட்டையில், எங்கள் தெருவை அடுத்த சந்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் அப்பாவின் பைக்கைக் கொண்டுபோய் நிறுத்தினேன். 2008-ல் வாங்கிய 100 சிசி வண்டி. கடலூர் மாவட்டத்தில் எங்கள் கரும்புத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் பல வருடம் ஓடியது. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஓட்ட ஆளில்லை. சென்னைக்குக் கொண்டுவந்து, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எட்டு மாதம் சும்மா நிறுத்தி வைத்தேன். அரை டேங்க் பெட்ரோல் உள்ளே, மேலே ஒரு உறை. மழை பெய்தால் சாரல் அடிக்கும் ஓரம் அது என்று அப்போது யோசிக்கவில்லை.

டேங்க் மூடியைச் சுற்றிப் பெயின்ட் சுருங்கி வெடித்திருந்தது. அடிப்பக்கம் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் கொப்புளம். விரலால் அழுத்தினால் பெட்ரோல் வாசம். மெக்கானிக் அண்ணன் டேங்க்கைக் கழற்றி ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் வடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் செம்மண் தண்ணீர் நிறத்தில் வேறொரு திரவம்.

"நீங்க விவசாய டாக்டர்தானே சார்? உங்க கரும்புதான் சார் இந்த வேலையப் பண்ணுது" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றி யார் கேள்வி எழுப்பினாலும், "இது விவசாயிக்குப் பணம் தரும் திட்டம்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. அதனால் வண்டி பழுதாகிறவர்களின் கோபமும் விவசாயி பக்கமே திரும்புகிறது. பழைய வண்டியை வைத்துக்கொண்டு அதே பெட்ரோலைப் போடுகிறவர்களில் பெரும்பகுதி கிராமத்து மக்கள்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. வேளாண்மைப் பக்கத்தில் டேங்க் பற்றி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

கதை புதிதல்ல. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்புடன் தொடங்கிய திட்டம் இது. பத்து வருடம் கழித்தும், 2013-14-ல், நாட்டின் சராசரிக் கலப்பு ஒன்றரை சதவீதம்தான். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டோம். 20 சதவீதம் என்ற இலக்கு முதலில் 2030-க்கு வைக்கப்பட்டது. பிறகு 2025-க்கு முன்னே இழுக்கப்பட்டு, எட்டவும் பட்டது. இன்று பங்க்கில் நமக்குக் கிடைப்பது இ-20 என்று அழைக்கப்படும் இந்தக் கலவைதான். 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் இதைத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வந்த வண்டிகளுக்கு? ஊர்ப்புறத்தில் வரப்போரம் நிற்கும் மொபெட்டையும் பைக்கையும் எண்ணிப் பாருங்கள், எத்தனை 2023-க்குப் பிறகு வாங்கியவை?

டேங்க்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. சுத்தமான பெட்ரோலில் நூறு மில்லி மழைநீர் இறங்கினால் அது அடியில் தங்கும். காக்கைத் திறந்து வடித்துவிட்டால் மேலே உள்ள பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கும். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பாசம் அதிகம். கலப்புப் பெட்ரோலில் சிறிதளவு நீர் சேர்ந்தால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை, 15 டிகிரி வெப்பத்தில், சுமார் அரை சதவீத நீரைத் தாங்கும். அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. 20 சதவீதக் கலவை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். மெக்கானிக் பாட்டிலில் காட்டிய அடித்திரவம் அதுதான், தண்ணீரும் எத்தனாலும் துருவும் கலந்தது. இரும்புத் தகட்டை அரிப்பதற்கு இதைவிடத் தோதான கரைசல் வேண்டாம். மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்து தரம் குறைந்திருக்கும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி டேங்க்கை நிரப்பிவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தி மிகை. மூடிய டேங்க்கில் காற்று வழியாக ஏறும் ஈரம் மிக மெதுவானது. நம் ஊர் வெப்பத்தில் அது பெரும்பாலும் கரைந்தே இருக்கும். ஆபத்து நேரடியாக இறங்கும் தண்ணீர்தான். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மழை உள்ளே போகும். பல வண்டிகளில் மூடியின் ஓரத்தில் மழைநீர் வெளியேற ஒரு சிறு துளை உண்டு. அதில் மண் அடைத்தால் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி உள்ளே வழியும். என் வண்டியில் நடந்தது இந்த இரண்டாவது. துளையில் தூசி அடைத்து, சாரல் நீர் தேங்கியிருக்கிறது. ஆக, முழுப் பழியும் எத்தனாலுக்கு இல்லை. பாதி என்னுடையது.

ஆழ்வார்பேட்டை மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகவே தெரியும். சீத்தம்மாள் காலனிப் பக்கம் பெருமழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது வழக்கம். 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் டேங்க்கை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் ஓடின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அப்படி எளிதில் கிளம்பவில்லை என்றார் அந்த அண்ணன். 2015-ல் நாட்டின் சராசரிக் கலப்பு 2, 3 சதவீதம். 2023-ல் 12 சதவீதம். அவர் அனுபவத்தோடு கணக்கு ஒத்துப்போகிறது.

அடுத்து பெயின்ட். கம்பெனியில் சூளையில் சுட்டு அடித்த பெயின்ட் ஓரளவு தாங்கும். நம்மில் பலர் பழைய டேங்க்கைப் பெயின்ட் கடையில் கொடுத்து, தின்னரில் கரையும் மலிவான பெயின்ட்டை அடித்து வாங்குகிறோம். பெட்ரோல் போடும்போது மூடியோரம் வழியும் துளிகளில் எத்தனாலும் இருப்பதால், அந்தப் பெயின்ட் இளகி, வெயிலில் சுருங்கி உரியும். ஸ்டிக்கரின் பசையும் விடும். கீழ் விளிம்பில் வரும் கொப்புளம் வேறு வகை. உள்ளே துரு ஊசித் துளை போட்டு, கசியும் பெட்ரோல் பெயின்ட்டை அடியிலிருந்து தூக்குகிறது. மேலே தேய்த்துப் பெயின்ட் அடித்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் துரு இல்லை, ஆனால் வேறு தொல்லை உண்டு. அமெரிக்காவில் டுகாட்டி பைக்குகளின் பிளாஸ்டிக் டேங்க் எத்தனால் கலந்த பெட்ரோலில் உப்பி உருமாறி, வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. பளபளப்பான விலை உயர்ந்த வண்டிக்கும் இதே கதிதான்.

பைக்கைவிட எனக்குக் கவலை தருவது நம் வயலில் ஓடும் சிறு எந்திரங்கள். புல்வெட்டும் கருவி, விசைத்தெளிப்பான், பெட்ரோலில் ஓடும் களையெடுப்பான் இவையெல்லாம் பருவத்துக்கு இருபது நாள் வேலை செய்து, மீதி மாதங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும். டேங்க்கில் மிச்சப் பெட்ரோலும் கூடவே கிடக்கும். பெரும்பாலான புல்வெட்டிகளும் முதுகில் சுமக்கும் தெளிப்பான்களும் இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்கள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிறோம். தண்ணீர் சேர்ந்து கலவை பிரிந்தால், அடியில் தங்கும் எத்தனால்-நீர் அடுக்கில் ஆயில் இருக்காது. ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எந்திரம் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதை. மசகில்லாமல் பிஸ்டன் உரசி இறுகிவிடும். "நேற்றுவரை ஓடியது சார், இன்று கயிறே இழுக்க வரவில்லை" என்று வேளாண் அலுவலர்களிடம் வரும் எந்திரங்களில், முதலில் டேங்க்கின் அடியைப் பார்க்கச் சொல்வேன்.

அமெரிக்காவில் 15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் குழாயில் கட்டாய எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு மட்டுமே அது. படகு, தோட்டக் கருவிகள் போன்ற பெட்ரோல் எந்திரங்களுக்குப் போடக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. அங்கே 15 சதவீதத்துக்கே இப்படி. இங்கே 20 சதவீதம் போடுகிறோம், குழாயில் எத்தனை சதவீதம் என்று படிக்க ஓர் எழுத்துகூட எங்கள் பகுதிப் பங்க்குகளில் என் கண்ணில் பட்டதில்லை.

அரசுத் தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட திட்ட அறிக்கையில், பழைய வண்டிகளில் 20 சதவீதக் கலவையைச் சோதித்த முடிவுகள் உள்ளன. வண்டி நடுவழியில் நிற்கவில்லை, எந்திரப் பாகங்களில் அசாதாரணத் தேய்மானம் இல்லை, உலோகங்களுக்கும் உலோகப் பூச்சுகளுக்கும் சிக்கல் இல்லை என்கிறது. அதே அறிக்கை, ரப்பர் வகைகளில் பெரும்பாலானவை வெறும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மோசமாகவே தாங்கின என்றும், ஒரு வகை நைலான் பிளாஸ்டிக்கின் வலிமை குறைந்தது என்றும் சொல்கிறது. பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவு என்று விளக்கியது. சோதனைக் கூடத்து டேங்க்கில் மழை பெய்வதில்லை, எட்டு மாதம் யாரும் வண்டியை மறந்துவிடுவதும் இல்லை. அதனால் அந்த முடிவு தவறு என்று சொல்லமாட்டேன். நம் கொட்டகைக்கு அது முழுதாகப் பொருந்தாது என்பேன்.

மைலேஜ் விஷயத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வடிவமைப்பு இருசக்கர வாகனங்களில் இ-20 போட்டால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அதே அறிக்கை மதிப்பிட்டது. மாதம் 10 லிட்டர் போடும் வீட்டுக்கு 4 சதவீதம் என்றால் 400 மில்லி. சென்னை விலையில் மாதம் 40 ரூபாய், வருடத்துக்கு 500 ரூபாய்க்குப் பக்கம். தாங்க முடியாத தொகை இல்லை. ஆனால் அந்த இழப்புக்கு ஈடாகக் கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அந்த வரி மட்டும் பங்க்குக்கு வந்து சேரவில்லை.

சரி, விவசாயிக்கு என்ன கிடைத்தது? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் கரும்பு விலை, பிழிதிறன் 10.25 சதவீதம் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். 9.5 அல்லது அதற்குக் கீழே என்றால் 329 ரூபாய் 5 காசு. நம்மூர் ஆலைகள் பலவற்றில் பிழிதிறன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கரும்பு போடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆலை உங்கள் கரும்பில் சர்க்கரை காய்ச்சினாலும் எத்தனால் வடித்தாலும் அந்த விலை மாறாது. எத்தனால் காசால் ஆலையின் கையில் பணம் புழங்குகிறது, நிலுவை சீக்கிரம் தீர்கிறது என்பது உண்மையான நன்மை, மறுக்கமாட்டேன். அப்பா ஆலைப் பணத்துக்குக் காத்திருந்த வருடங்களை நான் பார்த்திருக்கிறேன். மக்காச்சோளக்காரர்களுக்கு இதைவிட நேரடியான பலன் உண்டு, புதிதாக ஒரு வாங்குபவர் சந்தைக்கு வந்திருக்கிறார். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன விலையைச் சொல்லி முகம் சுளிப்பது அதன் மறுபக்கம். மெக்கானிக் அண்ணனிடம் அன்றே ஒன்று சொல்லியிருக்க வேண்டும். இன்று நாட்டின் எத்தனாலில் பெரும்பங்கு தானியத்திலிருந்து, அதிலும் முதன்மையாக மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. கரும்பு மட்டும் குற்றவாளி இல்லை!

தண்ணீர்க் கணக்கு தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு, கரும்பு வழியாகச் சுமார் 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எத்தனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபரிச் சர்க்கரையும் உடைந்த அரிசியும் எரிபொருளாவதில் தவறில்லை. பிரேசில் 1975-லிருந்து இதைச் செய்கிறது. அங்கே பங்க்கில் தூய எத்தனாலுக்குத் தனிக் குழாய், கலப்புப் பெட்ரோலுக்குத் தனிக் குழாய். எந்த விகிதத்தையும் ஏற்கும் கார்கள் 2003-லேயே வந்துவிட்டன, அப்படி ஓடும் பைக்கை ஹோண்டா 2009-ல் அங்கே விற்கத் தொடங்கியது. நம் ஓசூர் டிவிஎஸ் நிறுவனமும் 2019-ல் எத்தனாலில் ஓடும் அப்பாச்சியை அறிமுகப்படுத்தியது. தொழில்நுட்பம் நம்மிடமே இருக்கிறது. பழைய வண்டிக்காரருக்கும் ஒரு வழி விட்டிருக்கலாம் என்பதுதான் என் குறை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும், குழாயில் சதவீதம் எழுத வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. நீதிமன்றக் கதவு மூடியது என்றால், கேட்க வேண்டியவர்கள் நாம். குறைதீர் கூட்டத்தில் யூரியா கேட்கிறோம், கால்வாய்த் தூர் கேட்கிறோம். குழாயில் சதவீதத்தை எழுதச் சொல்லியும் வட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது 10 சதவீதக் கலவை வைக்கச் சொல்லியும் மனு கொடுப்பதில் என்ன தயக்கம்? விளைவிக்கிறவரே கேட்டால், "இவர்கள் விவசாயிக்கு எதிரிகள்" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதுவரை கையில் இருக்கும் வண்டியையும் எந்திரத்தையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் எந்திரத்தின் டேங்க்கை முழுக்க வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். ஆயில் கலந்த பெட்ரோலைப் போன பருவத்திலிருந்து கேனில் வைத்திருந்தால் பயன்படுத்தாதீர்கள். தினமும் ஓடும் பைக்குக்கு இந்தக் கவலை குறைவு. வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால், டேங்க்கை நிரப்பி வைப்பது அரை டேங்க்கில் விடுவதைவிட மேல், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். மூடி ரப்பரை மழைக்கு முன் மாற்றுங்கள், மூடியோரத் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். பெட்ரோல் டியூப் விறைத்தோ கொழகொழத்தோ இருந்தால் எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். பெயின்ட்டில் பெட்ரோல் சிந்தினால் காயவிடாமல் உடனே ஈரத்துணியால் துடையுங்கள்.

உள்ளே இலேசான துரு என்றால், டேங்க்கைக் கழற்றிப் பெட்ரோலை முழுக்க வெளியேற்றி, லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் வீதம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடை எலுமிச்சை உப்பு) கரைத்து நிரப்பி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்கு காயவைத்து, உடனே உள்ளே சிறிது ஆயிலைச் சுழற்றிவிட வேண்டும். தாமதித்தால் அரை நாளில் மறுபடி துருப் பிடிக்கும். ஊசித் துளை விழுந்த டேங்க்கை யாரிடமும் சும்மா கொடுத்து வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடித்தால் உயிர் போகும். அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த உழவர் கூட்டத்துக்கு 100 மில்லி அளவு ஜாடி ஒன்றை எடுத்துப் போங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் பீடி நெருப்புகூட இல்லாமல், 20 மில்லி தண்ணீரும் 80 மில்லி பெட்ரோலும் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். மூடியை மெல்லத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டுப் பத்து நிமிடம் நிற்க விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். அடி அடுக்கின் கோடு 20-லேயே நின்றால் கலப்பில்லாத பெட்ரோல். 28 பக்கம் வந்தால் 10 சதவீதம், 36 பக்கம் என்றால் 20 சதவீதம். ஓரிரண்டு மில்லி முன்பின் இருக்கும். பங்க்கில் நாம் கேட்டு வாங்கும் வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் இந்த அளவைச் சொல்லாது. சோதித்த திரவத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து வையுங்கள்.

என் வண்டியின் டேங்க் இன்னும் பெயின்ட் கடையில்தான் இருக்கிறது. உள்ளே சுத்தம் செய்தாகிவிட்டது, அடி விளிம்பில் ஒட்டுப் போட்டாகிவிட்டது. அப்பா போனில் கேட்டது ஒன்றுதான்: "அதே பச்சைக் கலர்தானே அடிக்கச் சொன்ன?"